வீட்டின் வெளிப்புற மராமத்து: மழையும் ஓதமும் உள்ளே வராமல் இருக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரில் பெயிண்ட் உரிந்ததும் முதலில் பெயிண்டரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். உண்மையில் அவர் கடைசியாக வரவேண்டிய ஆள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் அடித்த பெயிண்ட், எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கட்டும். வெளிப்புற வேலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, தண்ணீரின் வழியை முன்னால் வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

குடையிலிருந்து. நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மாடியில் விழும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வடிகுழாய் வாயில் சருகு அடைத்துக் குளம் கட்டுகிறதா, குழாயின் கீழ்முனை தண்ணீரை எங்கே கொட்டுகிறது, சாரல் எந்தச் சுவரில் நேராக அடிக்கிறது, தரையில் எங்கே சேறு தேங்குகிறது என்றெல்லாம் பார்த்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் வந்து பார்க்கும் மேஸ்திரிக்குக் காய்ந்த கறைதான் தெரியும். இந்தப் படங்கள் இருந்தால் பாதி விவாதம் மிச்சம்.

தண்ணீரின் அளவையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. மழை என்றால் 5,000 லிட்டர். அவ்வளவும் இரண்டு மூன்று குழாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அதில் ஒன்று அடைத்துக்கொண்டால் மிச்சத் தண்ணீர் தானாக ஒரு வழி தேடிக்கொள்ளும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கறை இருக்கும் இடத்தை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். மேல்தளத்தில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை என்றால் மாடி. ஜன்னலின் கீழ் மூலைகளில் ஈரம் என்றால் நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சுவர் பொரிந்து, அதற்கு மேல் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மழையே இல்லாத மாதத்திலும் ஒரே இடம் நசநசவென்று இருந்தால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள்: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றில் இருப்பது குளிர்ந்த சுவரில் படிகிறதா என்ற குழப்பமும் உண்டு. தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒரு முழ அளவுக்கு வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் வேண்டியது காற்றோட்டம்தான். வெளிப்புற மராமத்துக்குச் செலவழித்து அதைத் தீர்க்க முடியாது.

மழைக்குக் காத்திருக்க முடியாது என்றால் தோட்டத்துக் குழாயால் சுவரை நனைத்துச் சோதிக்கலாம். கீழிருந்து மேலாக, ஒரு பகுதியைச் சிறிது நேரம் நனைத்து, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அப்புறம் அடுத்த பகுதி. மேலிருந்து ஆரம்பித்தால் வழிந்து இறங்கும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

மேலிருந்து கீழ், பழுதிலிருந்து பூச்சு. முதலில் மாடி அல்லது கூரை, வடிகுழாய். அடுத்து சன்ஷேட், ஜன்னல் ஓரம், விரிசல். பிறகு வீட்டைச் சுற்றியுள்ள தரை. சுவரைக் காயவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயிண்ட்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். சோலார் பேனல், ஏ.சி. வெளி யூனிட், டிஷ் ஆன்டெனா, துணிக்கொடிக் கம்பி என்று ஏதாவது வைக்கும் எண்ணம் இருந்தால், நீர்க்காப்பு வேலைக்கு முன்பே அதன் கால்களை நட்டுவிட வேண்டும். புதிதாக நீர்க்காப்பு செய்த தளத்தில் நாலு துளை போட்டு போல்ட் இறக்குவது அடிக்கடி நடக்கிறது. துளை போட்டவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

எந்தப் பருவத்தில் செய்யலாம்?

மழைக்காலம் முடிந்த கையோடு பழுதுகளைக் குறித்துக்கொண்டு, சுவர் நன்றாகக் காய்ந்த வறண்ட மாதங்களில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. மழை நெருங்கும்போது அவசரமாக ஆரம்பித்தால் ஈரச் சுவர்மேல் பூசுவதில்தான் முடியும். உச்சி வெயிலும் ஆகாது. சுடுகிற சுவரில் பெயிண்ட் சரியாகப் பிடிப்பதற்குள் மேல்தோல் காய்ந்துவிடும். வெயில் சுற்றிவரும் திசைக்கு எதிர்ப்பக்கம், நிழலில் இருக்கும் சுவரிலேயே வேலை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். பனி இறங்கும் ஊர்களில் காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதாதா?

போதாது. தேங்குவது வாட்டத்தின் குறை. அதைப் பெயிண்ட் சரிசெய்யாது. தண்ணீர் வடிகால் வாயை நோக்கி ஓட, 4 மீட்டர் நீளத்துக்குக் குறைந்தது 5 செ.மீ. சரிவு வேண்டும். அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. வாட்டம் கெட்டிருந்தால் மேலே சரிவுப் பூச்சுப் போட்டு எடுத்த பிறகுதான் நீர்க்காப்புப் பூச்சைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்கெனவே தளத்தின் மேல் இரண்டு மூன்று அடுக்கு ஏறியிருந்தால், இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன் பழையதை உடைத்து எடுக்கலாமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். எடை சும்மா வருவதில்லை.

கசிவு பெரும்பாலும் மாடியின் நடுவில் இருப்பதில்லை, ஓரங்களில்தான் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் தளத்தில் உட்காரும் மூலையைக் குனிந்து பாருங்கள். முடி போல ஒரு விரிசல் சுவரோரமாகவே ஓடும். தளமும் சுவரும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிந்து சுருங்குவதால் அந்த இடம் பிரிகிறது. அந்த மூலையைச் செங்கோணமாக விடாமல் கலவையால் வளைவாகப் பூசி, நீர்க்காப்பை அதன் மேலேற்றி, சுவரில் குறைந்தது 15 செ.மீ. உயரம் வரை கொண்டுபோக வேண்டும். குழாய்கள் தளத்தைத் துளைத்து வரும் இடமும் வடிகால் வாயும் அடுத்த சந்தேகங்கள். வடிகால் வாயின் விளிம்பு சுற்றியுள்ள தளத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். பல வீடுகளில் அது மேடாக இருக்கும், அதைச் சுற்றி எப்போதும் ஈரம் நிற்கும்.

கைப்பிடிச் சுவரின் தலையை யாரும் கவனிப்பதில்லை. அது மாடியின் பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் அழுக்குத் தண்ணீர் மாடியில் விழும். தட்டையாக இருந்தால் தண்ணீர் அங்கேயே ஊறும், வெளிப்பக்கம் சரிந்திருந்தால் முகப்புச் சுவரில் கறுப்புக் கோடுகளாக இறங்கும்.

வேலை முடிந்ததும் வடிகால்களை அடைத்து மாடியில் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாளாவது விட்டு, கீழ்த்தளத்தைப் பார்ப்பதுதான் சரியான சோதனை. 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஆழமே சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. பழைய, விரிசல் விட்ட தளமென்றால் பொறியாளரைக் கேட்காமல் தண்ணீர் கட்டாதீர்கள்.

ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்றால்?

ஓட்டுக் கூரையில் உடைந்த, நகர்ந்த ஓடுகளை மாற்றுவதோடு, முகட்டு ஓடுகளுக்கு அடியில் உள்ள கலவை உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சரிவுகள் சந்திக்கும் உள்மடிப்பில் சருகு சேர்ந்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். கூரை சுவரைத் தொடும் இடத்தில் வெறும் சிமென்ட் பட்டை ஓரிரு வருடத்தில் விரிசல் விடும். உலோகத் தகடு மடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவருக்குள் செருகுவதே நிலைக்கும்.

தகரக் கூரையில் தகடு துருப்பிடிப்பதற்கு வெகுநாள் முன்பே திருகாணியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிடும். கூரை முழுவதையும் மாற்றச் சொல்லும் முன் வாஷர்களை மாற்றிப் பார்க்கலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளாக இருந்தால் உடைப்பது, துளையிடுவது, தேய்ப்பது எதுவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அதற்கென்று பழகிய ஆட்களை வைத்து முழுத்தகடாகவே இறக்க வேண்டும்.

சன்ஷேட் இருந்தும் ஜன்னல் சுவர் நனைகிறது. ஏன்?

சன்ஷேட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். வெளிவிளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே, நீளவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு காடி இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் காரணம். விளிம்பில் வந்த தண்ணீர்த்துளி உடனே கீழே விழுவதில்லை, அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து சுவரைத் தொட்டுவிடும். காடி வந்தால் அங்கே பிடி விட்டுத் துளி சொட்டிவிடும். பூச்சு வேலையின்போதே ஒரு கம்பியையோ மரச்சட்டத்தையோ வைத்து இந்தக் காடியை எடுத்துவிடலாம், செலவென்று சொல்ல எதுவுமில்லை. பழைய சன்ஷேட்டில் கட்டர் போட்டு அறுத்தால் கம்பியைத் தொட்டுவிடும் அபாயம் உண்டு. அங்கே எல் வடிவ பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பட்டையை விளிம்பில் ஒட்டலாம். ஜன்னலின் கீழ்த்திண்டுக்கும் இதே கதைதான்: வெளிப்பக்கம் சரிவு, சுவரைத் தாண்டிய நீட்டல், அடியில் காடி.

ஜன்னல், கதவு ஓரத்துக்கு என்ன சீலன்ட் போடுவது?

வெளியே தெரியும் இடத்தில் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சாதாரண சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. பாலியூரித்தேன் அல்லது பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் வகை வாங்குங்கள். பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, காய்ந்த இடத்தில்தான் போட வேண்டும். இடுக்கு ஆழமாக இருந்தால் முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்து, அதன் மேல் சீலன்ட் போடுங்கள். சீலன்ட் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் இழுபட்டாலும் கிழியாது.

ஒரு எச்சரிக்கை: அலுமினிய ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் சிறுசிறு துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை அவை. எறும்பு வருகிறது என்று அதையும் அடைத்துவிடுகிறார்கள், அப்புறம் தண்ணீர் அறைக்குள் வருகிறது.

மர நிலை, மரக்கதவு என்றால் வெட்டுமுனைகளில்தான் ஈரம் அதிகம் ஏறும். கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் இருக்கிறதா என்று ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

பூச்சில் வலைபோல ஓடும் முடி விரிசல்கள் அழகைக் கெடுக்கும், சாரலை உறிஞ்சும். இழுவைத் தன்மையுள்ள வெளிப்புறப் பூச்சே அவற்றை மூடிவிடும். கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விடும் விரிசலை வெறும் புட்டியால் நிரப்பினால் மறுபடி வரும். இருபுறமும் பூச்சை அகலமாக எடுத்து, கம்பி வலை வைத்துப் பூச வேண்டும்.

படிக்கட்டு போல ஏறும் குறுக்கு விரிசல், 5 மி.மீ.க்கு மேல் அகலமானது, ஒரு பக்கம் சுவர் முன்னே தள்ளி நிற்பது, கதவு திடீரென்று இறுகிப்போவது ஆகியவற்றுக்குப் பொறியாளர் வரவேண்டும். சந்தேகமாக இருந்தால் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அது இன்னும் நகர்கிறது. நகரும் விரிசலை மூடுவதில் பயனில்லை.

சன்ஷேட் அடியில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. பூசிவிடலாமா?

அப்படியே பூசக் கூடாது. துருப்பிடித்த கம்பி பல மடங்கு பருத்து கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளுகிறது. மேலே பூசினால் அடுத்த முறை இன்னும் பெரிய துண்டாக விழும். சுற்றிலும் சுத்தியால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் (உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஒலி) கேட்கும் இடம் எல்லாவற்றையும் உடைத்து எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் கை போகுமளவு தோண்டி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் அது மேஸ்திரி முடிவு செய்யும் வேலையில்லை. அதுவரை அந்த சன்ஷேட் அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்து உதிர்கிறது. இதற்குத் தீர்வே இல்லையா?

இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பல வருடமாக மண் கொட்டி, தளம் போட்டு, தோட்டத்து மண்ணை ஏற்றி, வெளித்தரை வீட்டுத் தரைக்குச் சமமாக வந்திருக்கும். அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்க ஓர் அடுக்கு போட்டிருப்பார்கள். மண் அதைத் தாண்டி ஏறினால் தடுப்பு இருந்தும் பயனில்லை. வெளித்தரை அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மண்ணை வெட்டி இறக்குவது, வடிகுழாய்த் தண்ணீரைச் சுவரடியில் கொட்டவிடாமல் தள்ளிக் கொண்டுபோவது ஆகிய இரண்டிலேயே கணிசமான வீடுகளில் ஓதம் குறைந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஏறினால், சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு செங்கல் தண்ணீரை உறிஞ்சாமல் செய்யும் சிலேன் வகை மருந்தை ஏற்றும் முறை உண்டு. சரியான நோயறிதல் இல்லாமல் அதை விற்பவர்களும் உண்டு, கவனம். மருந்து ஏற்றினாலும், உப்பு ஊறிய பழைய பூச்சை, உப்புக் கோட்டுக்கு மேலும் 30 செ.மீ. வரை, செங்கல் தெரிய எடுத்துவிட வேண்டும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் அதை வைத்துக்கொண்டு எது செய்தாலும் வீண். மேலே பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததை அள்ளிக் கொட்டுங்கள்.

காயும் நேரம்தான் பலரையும் ஏமாற்றுவது. 2.5 செ.மீ. சுவர்க் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. 23 செ.மீ. செங்கல் சுவருக்கு முக்கால் வருடம் ஆகலாம்.

உள்பக்கம் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டால்?

ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறிவந்து எட்டிப்பார்க்கும். பணமும் போகும், கறையும் கண்மட்டத்துக்கு வந்துவிடும்.

வெளிச்சுவருக்கு எந்தப் பெயிண்ட்?

மழைத்துளியைத் தடுத்து, உள்ளே இருக்கும் நீராவியை வெளியே விடும் வகை. டப்பாவிலோ தயாரிப்பு விவரத்தாளிலோ இது எழுதியிருக்கும். நல்ல அக்ரிலிக் பெயிண்ட்கள் போதும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு என்றால் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் தோல் போன்ற பெயிண்ட்டும் தவிர்க்க வேண்டியவை. அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விட்டே நூறு வருடம் நின்றவை. வழியை அடைத்தால் செங்கல் உள்ளேயே உதிரும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு அடிப்பும்தான் அங்கே சரி.

புதுப் பூச்சு நான்கு வாரமாவது காயட்டும். பழைய பெயிண்ட்டின் மேல் அடிப்பதானால் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். துண்டு துண்டாக வந்தால் சுரண்டாமல் வழியில்லை. பல பத்தாண்டு பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் காய்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பச்சைப்பாசி, கறுப்புப் பூஞ்சை இருந்தால் பூஞ்சைக்கொல்லிக் கரைசலால் கழுவிக் காயவைத்த பிறகே பிரைமர்.

வீட்டைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டால் நல்லதா?

வெளிப்பக்கம் சரிந்திருந்தால் நல்லது. வீட்டிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை 15 செ.மீ. இறங்க வேண்டும். வாட்டம் உள்பக்கமாக இருந்தால் தண்ணீரை நீங்களே அஸ்திவாரத்துக்கு அனுப்புகிறீர்கள். தளம் சுவரைத் தொடும் இடுக்கில் சீலன்ட் போடுங்கள். இடம் இருந்தால் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சரளைக்கல் போடலாம். மழைத்துளி தெறித்துச் சுவரில் சேறு படாது. செடித்தொட்டிகளும் விறகும் சுவரைத் தொடாமல் தள்ளி இருக்கட்டும். சுவர் விரிசலில் முளைத்த செடியைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

கையில் பணம் குறைவு. எதை முதலில் செய்வது?

வடிகால்களைச் சுத்தம் செய்தல், உடைந்த குழாயை மாற்றுதல், குழாய்த் தண்ணீரைத் தள்ளிவிடுதல், மண்ணை இறக்குதல். இவை மலிவானவை, பலன் உடனே தெரியும். அடுத்து மாடி ஓரங்களும் கம்பி தெரியும் கான்கிரீட்டும். பெயிண்ட் ஒரு வருடம் தள்ளிப் போனால் குடிமுழுகிவிடாது. ஒரேயொரு விதிவிலக்கு: சாரம் கட்டிய செலவு பெரிது. உயரமான சுவருக்குச் சாரம் ஏறிவிட்டால் அங்கே செய்யவேண்டிய எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுவது லாபம். மொத்த மதிப்பீட்டில் பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். பூச்சை உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்குவது?

‘வாட்டர்ப்ரூஃபிங் முழுவதும்’ என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். அது எதற்கும் உதவாது. எவ்வளவு சதுர மீட்டர், எந்தப் பொருள், எத்தனை கோட், மூலை, குழாய், சுவரில் மேலேற்றும் பகுதி இதில் சேர்த்தியா, பழையதை உடைத்து அகற்றுவது யார் செலவு, தண்ணீர் கட்டிச் சோதிப்பது உண்டா என்று பிரித்து எழுதுங்கள். டப்பாவில் ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு என்று இருக்கும். அதை வைத்து எத்தனை டப்பா தேவை என்று கணக்கிட்டு, காலி டப்பாக்களை உங்களுக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். கோட் குறைத்து அடித்திருந்தால் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். மூடப்படும் ஒவ்வொரு அடுக்கையும் மூடுவதற்கு முன் படம் எடுங்கள். கடைசித் தவணை, சோதனை முடிந்த பிறகு.

முடித்த பிறகு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. முன்னால் பார்ப்பது அடைப்புகளுக்காக: வடிகால் வாய், கூரை மடிப்பு, நீர்த்தொட்டியின் வழிந்தோடும் குழாய். பின்னால் பார்ப்பது சேதத்துக்காக: சீலன்ட் பிரிந்த இடம், புதுக் கறை, பொள்ளல் சத்தம். ஏ.சி. தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சுவரில் சொட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் கோடையிலும் மழைக்காலம்தான். குழாயை நீட்டி வடிகாலில் விட்டால் முடிந்தது.